வியாழக்கிழமை லாரியின் பின்னால்

செப்டம்பர் 9, செவ்வாய்

டார்லா வாங்கி அனுப்பிய நோட்டு இது. “தூக்கம் வரலைன்னா எழுதும்மா, யார்கிட்டயோ சொன்ன மாதிரி இருக்கும்” என்றாள். பெற்ற மகள் சொல்லும்போது தட்ட முடியவில்லை. எட்டாம் வகுப்போடு புகையிலை உரிக்கப் போனவள் நான். பதினோரு வருடமாகச் சாராயக் கடையில் விலைச் சீட்டு எழுதுகிறேன். அதைத் தவிர எழுதிப் பழக்கமில்லை.

இன்றோடு முப்பத்து மூன்று நாள்.

ஆகஸ்ட் ஏழு, வியாழன். என் வீட்டுக்காரர் கார்னட் சரக்கு லாரியோடு எங்கள் கடைக்குத்தான் வந்துகொண்டிருந்தார். பார்க்கர் மேட்டுக்கு இந்தப் பக்கம் லாரி ஓரமாக நின்றிருந்தது. ஒன்பது ஐம்பதுக்கு டிராக்டரில் போன ஒருவர் ஏறிப் பார்த்தாராம். ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்தாராம்.

சாவை விசாரித்த அதிகாரி நல்ல மனிதர். “மாரடைப்பு. விளக்கை அணைச்ச மாதிரிங்க. அவருக்கே தெரிஞ்சிருக்காது” என்றார். டார்லா அதைப் பிடித்துக்கொண்டாள். நானும் பிடித்துக்கொண்டேன், ஒரு நாள்.

மறுநாள் என் கைப்பேசியைப் பார்த்தேன். ஒன்பது பன்னிரண்டுக்கு அவர் கூப்பிட்டிருக்கிறார். நான் எடுக்கவில்லை. கைப்பேசி பையில் இருந்தது, பை பின்னறையில் இருந்தது. கடை வாசலில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். அவர் லாரியில் வரும், எளிதில் கிடைக்காத போர்பன் சாராயப் பாட்டிலுக்காகத்தான் நின்றார்கள். “எங்கே மிஸ் ஒலீட்டா உங்க வீட்டுக்காரரு, வழியில குடிச்சுட்டு இருக்காரா?” என்று சிரித்தார்கள். நானும், சீக்கிரம் வந்து தொலையேன் மனுஷா என்று மனதில் திட்டினேன்.

ஒன்பது பன்னிரண்டிலிருந்து ஒன்பது ஐம்பது வரை முப்பத்தெட்டு நிமிடம். தெரியாமலே போனவர் எதற்குக் கூப்பிட்டார்? கண்ணை மூடினால் அந்த முப்பத்தெட்டு நிமிடம்தான் வருகிறது. ஒவ்வொரு நிமிடமாக வருகிறது.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று வேலைக்குப் போனேன். முதலாளி ஹோபர்ட் வாசலிலேயே நின்றிருந்தார். “ஒலீட்டா, முடியலைன்னா சொல்லு, நான் பார்த்துக்கறேன்” என்றார். அவர் கல்லாவைப் பார்த்துக்கொண்டால் எது எங்கே இருக்கிறதென்று ஒரு வாரம் தேட வேண்டும்.

பத்து மணிக்கு லாரி வந்தது. அதே லாரி. கழுவிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஓட்டி வந்தது புதிதாகச் சேர்ந்த பெண், டீனா. ஐம்பது வயதிருக்கும், தோள் அகலம். கை குலுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். நான் யாரென்று தெரிந்திருக்கிறது.

அவள் பின்னாலேயே மூன்று கார் வந்து நின்றன. கிடைக்காத பாட்டிலைத் தேடி அலைகிற வழக்கமான ஆட்கள்தான். எந்தக் கடைக்கு எது இறங்கும் என்று கம்பெனி சொல்வதில்லை. அதனால் சரக்கு லாரி கிளம்பும் இடத்திலிருந்தே பின்தொடர்வார்கள். லாரிக்காரர் கண்ணில் படாமல் தள்ளி வர வேண்டும், அவரிடம் பேசக் கூடாது — அது அவர்களுக்குள் ஒரு ஒழுங்கு. கார்னட்டுக்கு அது பெரிய வேடிக்கை. வேண்டுமென்றே ஓரமாக நிறுத்தி, இறங்கி, முன்னால் போ என்று கையைக் காட்டுவார். “ஒருத்தன் போக மாட்டான் லீட்டா. கொஞ்சம் பின்னாடி போய், மரத்தைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருப்பான்” என்று சாப்பிடும்போது சொல்லிச் சிரிப்பார்.

பல் டாக்டர் ஃபென்விக்கும் குழாய் வேலை மெல்வினும் இன்றும் கல்லா முன்னால் சண்டை போட்டார்கள். கடை விலை தொண்ணூறு டாலர் போர்பன், வெளியே தொள்ளாயிரத்துக்குப் போகிறது.

“தொள்ளாயிரத்துக்கு உள்ள என்ன இருக்கு டாக்டரே? பதினஞ்சு வருஷம் மரப் பீப்பாயில ஊறினது. அதுக்குக் கட்டையவே நக்கலாம்.”

“உன் நாக்கு குழாய்க் கசிவு பார்க்கத்தான் லாயக்கு, மெல்வின்.”

ஹோபர்ட் பின்னால் போய், தான் திறந்து வைத்திருந்த பதினஞ்சு வருஷத்தையும் சேர்த்து மூன்று காகிதக் கோப்பையில் ஊற்றி வந்தார். எது எதுவென்று சொல்லவில்லை. இருவரும் முகர்ந்து, குடித்து, வாயில் சுழற்றினார்கள். இதுதான் நல்ல ருசி என்று இருவரும் நடுக் கோப்பையைத் தொட்டார்கள். அது இருபத்தாறு டாலர் பாட்டில், அலமாரியில் எப்போதும் இருப்பது. கார்னட் குடித்தது.

மெல்வின் மேசையைத் தட்டிச் சிரித்தார். டாக்டர் காலிக் கோப்பையை நசுக்கினார். பிறகு, “இருந்தாலும் அந்தப் பதினஞ்சு வருஷம் வந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க” என்றார்.

“இப்பத்தானே ருசியில தோத்துது?”

“கிடைக்காதே ஹோபர்ட். அதான்.”

பதினோரு வருடமாகப் பார்க்கிற முகம் அது. ருசி தெரியும், விலை அநியாயம் என்றும் தெரியும். ஒன்றுதான் இருக்கிறது என்று சொன்னதும் முகம் மாறிவிடும். முன்பு சிரிப்பேன். இன்று சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாதா கோயிலிலிருந்து வந்தால் நிலவறைக் கதவில் பூட்டு இல்லை. அறுத்துப் புல்லில் போட்டிருக்கிறார்கள்.

உள்ளே எதுவும் திருட்டுப் போகவில்லை. பீன்ஸ் ஜாடி, தக்காளி ஜாடி எல்லாம் அலமாரியிலிருந்து எடுத்துத் தரையில் வரிசையாக வைத்திருந்தது. ஒன்றும் உடையவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவசரமே இல்லாமல், பூசை முடிய எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்து வந்திருக்கிறார்கள்.

பாட்டில் தேடியிருக்கிறார்கள். வேறென்ன?

செப்டம்பர் 16, செவ்வாய்

மெல்வினிடம் கேட்டேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “எங்க ஆளுங்க பேசிக்கிற குழு ஒண்ணு இருக்குங்க, போன்ல. அதுல எவனோ எழுதிட்டான். இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டினவரு, வீட்டுக்கு அடியில நிச்சயம் பதுக்கி வெச்சிருப்பாருன்னு. நான் இல்லைன்னு எழுதினேன். இவன் தனக்கு வேணும்னு மறைக்கறான்னு சொல்லிட்டாங்க.”

கார்னட் பதுக்கியது நாலு பாட்டில். சமையலறையில் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எல்லாம் இருபத்தாறு டாலர்.

தபால் பெட்டியில் மூன்று சீட்டு. ‘உங்கள் துக்கத்துக்கு வருந்துகிறோம். பழைய பாட்டில் இருந்தால் நியாயமான விலை.’ ஒன்றில் சிலுவைப் படம் ஒட்டியிருந்தது.

இரவுக்கு நாற்காலியைக் கதவுப் பிடிக்குக் கீழே வைக்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

வீட்டுக்கு எதிரே சாம்பல் நிறப் பிக்கப் வண்டி. இண்டியானா நம்பர். உள்ளே ஒரு ஆள், தொப்பி. நான் வேலையிலிருந்து வந்தபோது நின்றது. விளக்குப் போட்டேன். போய்விட்டது.

செப்டம்பர் 20, சனி

மறுபடியும். மத்தியானம். சுவர்க் கறுப்பைத் தேய்க்கலாம் என்று வாளியோடு வெளியே போனேன். சாராயக் கிடங்கிலிருந்து வரும் காற்று பட்டால் எங்கள் ஊரில் எல்லாச் சுவரும் கறுக்கும். வருடத்துக்கொரு முறை அவர் ஏணியில் ஏறித் தேய்ப்பார். நான் கீழ்ப்பகுதியை மட்டும் தேய்க்கலாம் என்று நினைத்தேன். வண்டியைப் பார்த்ததும் வாளியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வாளி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

செப்டம்பர் 23, செவ்வாய்

சாம்பல் வண்டி. மூன்றாவது தடவை.

செப்டம்பர் 25, வியாழன்

போலீசுக்கு, ஷெரிஃப் ஆபீசுக்குப் போன் செய்தேன். ஒரு பையன் வந்தான், மீசை கூடச் சரியாக வரவில்லை. “தெருவுல வண்டி நிறுத்தறது குத்தமில்லைங்கம்மா. ஏதாவது செஞ்சா கூப்பிடுங்க.”

“செஞ்சதுக்கு அப்புறம் கூப்பிட நான் இருக்கணுமே தம்பி” என்றேன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

டார்லா தினமும் கூப்பிடுகிறாள். “வீட்டை வித்துட்டு லூயிவில் வந்துடும்மா. எங்க கூட இரு.” பயத்தில் ஓடிப்போனால் பிறகு எங்கே நிற்பது? அவளிடம் சொல்லவில்லை. அழுவாள்.

அவருடைய துப்பாக்கியை அலமாரியிலிருந்து எடுத்துக் கதவு மூலையில் வைத்தேன். குண்டு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரியவில்லை. முப்பது வருடம் அவர் பக்கத்திலேயே படுத்தேன், இதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

அந்த ஆள் கடைக்கு வந்தான்.

லாரி போன பிறகு, கூட்டமில்லாத நேரம். கையில் பாட்டில் இல்லை. கல்லா முன்னால் வந்து நின்றான். அறுபது வயதிருக்கும். நான் நினைத்த மாதிரி முரட்டு ஆள் இல்லை. வங்கியில் வேலை பார்ப்பவர் மாதிரி, சட்டைப் பையில் இரண்டு பேனா.

“நீங்கதானுங்களா மிஸஸ் சிஸ்ஸல்?”

கண்ணாடி வழியாக அந்தச் சாம்பல் வண்டி தெரிந்தது. என் கை தானாக மணியை அழுத்தியது. ஹோபர்ட் பின்னறையிலிருந்து வந்தார்.

“என்ன வேணும் உங்களுக்கு?”

“ஒண்ணுமில்லைங்க. இவங்ககிட்ட ஒரு வார்த்தை —”

“பாட்டில் பத்தின வார்த்தைன்னா என்கிட்ட பேசுங்க. இவங்க வீட்டுல ஒண்ணும் கிடையாது.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். கதவருகில் ஒருமுறை திரும்பினான். அந்தப் பார்வை திருட வருகிறவன் பார்வையாகத் தெரியவில்லை. ஆனால் திருடன் பார்வை எப்படியிருக்கும் என்று எனக்கென்ன தெரியும்?

அக்டோபர் 5, ஞாயிறு

எப்படி எழுதுவது. நடந்தபடி எழுதுகிறேன்.

பூசை முடிந்து வந்தேன். எதிரே வண்டி. இனிமேல் என்னால் முடியாது என்று தோன்றியது. உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன்.

அவன் கண்ணாடியை இறக்கி இரண்டு கையையும் வெளியே நீட்டினான். “மிஸஸ் சிஸ்ஸல், நான் எதுவும் வாங்க வரலைங்க. சத்தியமா வாங்க வரலை.”

“நிலவறைப் பூட்டை அறுத்தது நீதானே?”

“பூட்டா? இல்லைங்க. எந்தப் பூட்டு?” நிஜமாகவே முழித்தான். நம்பினேன். அதற்கப்புறம் அவன் சொன்னதைக் கேட்டபோது, பூட்டை அறுத்தவனாகவே இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

பெயர் வெண்டெல் ப்ரூயிட். ஆற்றுக்கு அந்தப் பக்கம், இண்டியானா. காப்பீட்டுக் கணக்கு பார்க்கிறவர்.

“அன்னைக்குக் காலைல உங்க வீட்டுக்காரர் லாரிக்குப் பின்னாடி நான்தான் வந்தேன்” என்றார்.

நான் துப்பாக்கியைக் கீழே இறக்கவில்லை. இறக்கவேண்டும் என்று தோன்றவில்லை.

“ஓரமா நிறுத்தினாரு. இறங்கினாரு. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாரு. அவரு எப்பவும் அப்படிச் செய்வாரும்மா, எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். எங்களைக் கிண்டல் பண்றாருன்னு… மறுபடியும் தூக்கினாரு. மாட்டிக்கிட்டோமேன்னு வெக்கமாப் போச்சு. வண்டியைப் பின்னாடி எடுத்தேன். வளைவுகிட்ட நிறுத்திட்டு, லாரி கிளம்பட்டும்னு உட்கார்ந்திருந்தேன்.”

“எவ்வளவு நேரம்?”

“டிராக்டர் வர்ற வரைக்கும்.”

“எவ்வளவு நேரம்?”

“நாற்பது நிமிஷம்.”

இடத்தை விட்டுப் போனால் வேறொருவன் முந்திக்கொள்வான் என்று உட்கார்ந்திருந்தாராம். காபி குடித்தாராம். டிராக்டர்காரர் கத்தியதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடிவிட்டாராம்.

பிறகு பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு பாட்டிலைக் காகிதப் பையோடு எடுத்தார். அந்த லாரிச் சரக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை வேறு லாரியில் வந்து இறங்கியபோது வரிசையில் நின்று வாங்கியதாம். என் கடையில். அன்று நான் சவப்பெட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். “நான் இதைத் திறக்கலைங்க. உங்களுக்குத்தான். இன்னைக்கு வெளியே ஆயிரத்தெண்ணூறு போகும்.”

விலையைச் சொல்கிறான். என்னிடம் விலையைச் சொல்கிறான்.

என் முகத்தில் என்ன பார்த்தாரோ, “வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க. ஒண்ணு பெருசுன்னு சொல்ல எங்களுக்கு இப்படித்தான் வருது” என்றார். அழுதார். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தார்.

“எடுத்துட்டுப் போ” என்றேன். வீட்டுக்குள் வந்து கதவைப் பூட்டினேன்.

அக்டோபர் 6, திங்கள்

ஒரு மனுஷன் கையைத் தூக்கறான். காபி குடிச்சுட்டு உட்கார்ந்திருக்கான் இவன். இறங்கிப் போய் என்னாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டா வாய் வலிக்குமா? முப்பதடி தூரம். என்ன பெரிய ஒழுங்கு, லாரிக்காரன்கிட்டப் பேசக் கூடாதுன்னு! ஒரு பாட்டில் சாராயம். கண்ணைக் கட்டிக் குடுத்தா இருபத்தாறு டாலர் சாராயத்துக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாத ஜனம். அதுக்காக என் மனுஷன் —

யாராவது கையைப் பிடிச்சிருக்கலாம். காப்பாத்த வேண்டாம். கையைப் பிடிச்சிருக்கலாம்.

நானும்தான் போனைப் பையில வெச்சேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. எதுவும் சாப்பிடவில்லை. நாற்பது நிமிடம் என்று சொன்னான். நாற்பதும் அவர் உயிரோடு இருந்தாரா?

அக்டோபர் 9, வியாழன்

டார்லாவிடம் சொன்னேன். வக்கீல் பார்க்கலாம் என்றாள், கத்தினாள், பிறகு அழுதாள். கடைசியில், “அந்த ஆளு வண்டியில கேமரா இருந்துதாம்மா? இப்ப எல்லாரும் முன் கண்ணாடியில ஒட்டி வெச்சிருக்காங்களே” என்றாள்.

இருந்ததா என்று கேட்கப் பயம். இல்லை என்று சொன்னாலும் பயம், ஆமாம் என்று சொன்னாலும் பயம். முப்பத்தெட்டு நிமிடமும் எங்கேயோ ஒரு டப்பாவுக்குள் இருக்கிறது என்றால், நான் அதைப் பார்க்க வேண்டுமா? பார்க்காமல் எப்படி இருப்பது? அவர் கதவைத் தட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு, மூச்சுக்கு இழுத்துக்கொண்டு இருந்தால்? அதைப் பார்த்தவள் மறுநாள் எப்படி எழுந்து கல்லாவில் நிற்பாள்?

பார்க்காமலே தினமும் அதைத்தானே பார்க்கிறேன்.

வண்டி நம்பரைச் சொல்லி ஷெரிஃப் பையனிடம் அந்த ஆளின் போன் எண்ணை வாங்கினேன். கூப்பிட்டேன். மணி அடித்து முடிவதற்குள் எடுத்தார்.

“கேமரா இருந்துதா?”

“இருந்துதுங்க. அழிக்கலை. பார்க்கவும் இல்லை. தைரியம் வரலை.”

“சனிக்கிழமை எடுத்துக்கிட்டு வா. நீயும் கூட உட்கார்ந்து பார்க்கணும்.”

அக்டோபர் 11, சனி

சமையலறை மேசையில் வெண்டெல் தன் சின்னக் கம்ப்யூட்டரை வைத்தார். நான் அவருக்குக் காபி கொடுக்கவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. டார்லா வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். அவள் அப்பாவை அவள் இப்படிப் பார்க்க வேண்டாம்.

படத்தின் ஓரத்தில் மணி ஓடியது. அது உதவியாக இருந்தது. எண்ணைப் பார்த்துக்கொண்டு மற்றதைப் பார்த்தேன்.

9:08. லாரி ஓரம் ஒதுங்கி நிற்கிறது. அழகாக, விளக்குப் போட்டு. எப்போதும் போல.

9:10. இறங்குகிறார். என் கார்னட். நீலச் சட்டை. லாரியின் பக்கவாட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். கேமராப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்குகிறார். கொஞ்சம் கழித்து மறுபடி தூக்குகிறார். இந்தத் தடவை கை இறங்கக் கொஞ்சம் நேரமானது. படம் பின்னால் நகர்ந்தது. வெண்டெல் வண்டியைப் பின்னால் எடுக்கிறார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

9:12. கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஊர்ப் பக்கம் பார்த்து நிற்கிறார். இன்னொரு கையால் முதுகைச் சொறிகிறார். நான் எடுக்கவில்லை. கைப்பேசியைப் பையில் போடுகிறார்.

பிறகு சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டார்.

நிறுத்து என்றேன். மறுபடி போடு என்றேன். மூன்று தடவை பார்த்தேன். முன்னால், இரண்டு பக்கம், கடைசியில் பின்னால். ஒவ்வொரு கடைக்குள் நுழைவதற்கு முன்னாலும் அப்படித்தான் செய்வார். வயிறு பெரிதாகிவிட்டது, சட்டை வெளியே வந்துவிடும், ஹோபர்ட் கேலி செய்வார் என்று. சாகப் போகிறோம் என்று நினைக்கிறவன் சட்டையை உள்ளே விடுவானா? அவர் கடைக்கு வர நினைத்தார். கொஞ்சம் நேரமாகும், அவர்களை நிற்கச் சொல் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார். எனக்குத் தெரியும். முப்பது வருடம்.

9:13. ஏறுகிறார். 9:14. பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் பிரகாசமாக எரிகின்றன. பிரேக்கில் கால் வைத்துவிட்டார், கிளப்பப் போகிறார். 9:16. விளக்கு மங்கியது. திரும்ப எரியவில்லை.

மீதி முப்பத்துநாலு நிமிடமும் ஓடவிட்டோம். ஒன்றுமில்லை. கதவு அசையவில்லை. ஒரு தடவை ஒரு பறவை லாரி மேல் உட்கார்ந்தது. காற்றடித்தது.

எட்டு நிமிடம், நிறுத்தியதிலிருந்து. அதில் விளக்கு எரிந்த இரண்டு நிமிடம் உள்ளே என்ன நடந்ததென்றுதான் எனக்குத் தெரியாது.

அந்தத் தூக்கிய கைக்கு மட்டும் எனக்கு அர்த்தம் பிடிபடவில்லை. முதல் தடவை கிண்டல். இரண்டாவது? வெண்டெலைக் கேட்டேன். “அன்னைக்குத் தெரியலைங்க. இன்னைக்கும் தெரியலை. ஆனா இறங்கிப் போய்க் கேட்டிருக்கணும்” என்றார்.

“ஆமாம். கேட்டிருக்கணும்” என்றேன்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. வரவில்லை அது. போகும்போது, இனி எதிரே வந்து நிற்காதே, பயமாக இருக்கிறது என்றேன். சரிங்க என்றார்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆறு மணி நேரம் தூங்கியிருக்கிறேன்.

அக்டோபர் 16, வியாழன்

டீனாவின் லாரி பின்னால் இன்று நாலு கார். அவள் இறங்கும்போது இடது தோளைத் தடவிக்கொண்டே இறங்கினாள். “என்ன?” என்றேன். “கம்பி பட்டுச்சு” என்றாள். கம்பிதான். ஆனால் அவள் போகும் வரை வாசலிலேயே நின்றேன். நாலு காரும் அவள் பின்னாலேயே போயின, தள்ளித் தள்ளி, ஒழுங்காக.

இவளும் ஒருநாள் எங்கேயாவது நிறுத்துவாள்.

அக்டோபர் 20, திங்கள்

ஹோபர்ட்டிடம் சொன்னேன், சனிக்கிழமை பாட்டில் யாருக்கு என்று சீட்டுக் குலுக்குவதற்கு முன்னால் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். “நீயா? அறுபது பேர் முன்னாலயா?” பள்ளிக்கூடத்தில் ஜெபம் சொல்லச் சொன்னபோது மயங்கி விழுந்தவள் நான். அந்தக் கதை அவருக்குத் தெரியும், அதே வகுப்பு.

“ஆமாம்” என்றேன்.

அக்டோபர் 25, சனி

எழுபத்தொரு பேர். வருடத்தில் பெரிய குலுக்கல். பதினஞ்சு வருஷம் ஆறு பாட்டில் வந்திருந்தது. ஒருத்தர் கனடாவிலிருந்து வந்திருந்தார். வரிசை நடைபாதையைச் சுற்றி பெட்ரோல் பங்க் வரை போயிற்று.

காலி பீர்ப் பெட்டி மேல் ஏறி நின்றேன். ஹோபர்ட் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எழுதி வைத்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

“நான் கார்னட் சிஸ்ஸல் பொண்டாட்டி” என்றேன். சிரிப்புப் பேச்செல்லாம் நின்றது. “அவர் செத்த அன்னைக்கு லாரிக்குப் பின்னாடி ஒரு வண்டி இருந்துது. யாருன்னு சொல்ல மாட்டேன். உங்களில் யாராவது ஒருத்தரா இருந்திருக்கலாம். அவர் இறங்கிக் கையைத் தூக்கினாரு. கிண்டல்னு நெனச்சு நாற்பது நிமிஷம் தள்ளி உட்கார்ந்திருந்தாங்க. எனக்கு உங்க பாட்டில் பத்தித் தெரியாது. அதுக்கு என்ன விலை குடுக்கலாம்னு நீங்க பேசிக்கங்க. ஆனா லாரி நின்னா, இறங்கிப் போய்க் கேளுங்க. கேட்டா உங்க இடம் போகாது. போனாலும் கேளுங்க.”

அவ்வளவுதான். இறங்கிவிட்டேன். டாக்டர் ஃபென்விக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மெல்வின் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னாலிருந்து ஒரு குரல், “சீட்டு ஆளுக்கு ஒண்ணுதானுங்களே?”

“ஒண்ணுதான்” என்றேன். சீட்டுக் கட்டை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.

வரிசையின் கடைசியில் வெண்டெல் நின்றாரா என்று பார்த்தேன். இல்லை.

அக்டோபர் 30, வியாழன்

டீனா இன்று இருபது நிமிடம் தாமதம். பத்து இருபதுக்கு ஹோபர்ட் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. கைப்பேசி என் ஏப்ரன் பையில் இருந்தது.

லாரி வந்தது. கதவை அடித்துச் சாத்திவிட்டு இறங்கினாள், முகமெல்லாம் சிவப்பு.

“மிஸ் ஒலீட்டா, உங்க ஊர்க்காரங்களுக்கு என்ன கேடு வந்துச்சு? பின் கதவுக் கொக்கி சரியா மாட்டுச்சான்னு பார்க்க ஒரு நிமிஷம் ஓரமா நிறுத்தினேன். மூணு கார்லேருந்து மூணு ஆம்பளைங்க குதிச்சு என்கிட்ட ஓடி வர்றானுங்க! கொள்ளைன்னு நெனச்சு மிளகு ஸ்பிரேயைக் கையில எடுத்துட்டேன். முன்னாடி வந்தவன், நரைச்ச தலை, மூச்சு வாங்க நிக்கறான். ‘நல்லா இருக்கீங்களாம்மா? நெஞ்சு வலிக்குதா?’ங்கறான். எனக்கென்ன நெஞ்சு வலி, இவனுக்குத்தான் வலி வந்துடும் போல. மூணு பேரையும் உட்கார வெச்சுத் தண்ணி குடுத்துட்டு வர இவ்வளவு நேரம்.”

ஹோபர்ட் பின்னறைக்குப் போய்விட்டார். தும்மல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

“என்ன நடக்குது இங்க?” என்றாள் டீனா.

“ஒண்ணுமில்லை. சரக்குச் சீட்டுல எங்கே கையெழுத்துப் போடணும், சொல்லு” என்றேன்.

காட்டினாள். போட்டேன். பாதி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.